பின் அச்சில் ஓர் எண்ணெய்த் துளி

நுழையும்முன்

ஊர்தி நின்றிருந்த இடத்தில் கிடக்கும் ஓர் எண்ணெய்த் துளியைப் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகின்றனர். அது எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று ஆராயத் தெரிந்தவருக்கோ அத்துளி ஊர்தியின் உள்நிலையை எடுத்துரைக்கிறது. பழைய கார் ஒன்றின் பின் அச்சில் ஏற்படும் எண்ணெய்க்கசிவைச் சான்றாகக் கொண்டு, பழுதின் காரணத்தை அறிந்து அதனை நீக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மசகும் மசகெண்ணெயும்

மாட்டுவண்டியின் சக்கரம் தடையின்றி உருள்வதற்காக அச்சில் மசகு இடுவது தமிழக உழவர்களின் வழக்கம். அச்சு, குடம், ஆரம், கடையாணி, மசகு முதலிய சொற்கள் வண்டித்தொழிலில் வழங்கியவை. இயந்திர ஊர்திகள் பெருகிய பின்னரும் இச்சொற்கள் வழக்கொழியவில்லை. ‘மசகெண்ணெய்’ என்னும் சொல்லில் அப்பழைய மசகு இன்றும் வாழ்கிறது.

வண்டிக்கும் காருக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. வண்டியின் அச்சில் இட்ட மசகு வழிந்துவிட்டால் மீண்டும் இட்டால் போதும். காரின் பின் அச்சிலுள்ள எண்ணெய் வெளியேறினாலோ அச்சின் பற்சக்கரங்கள் தேய்வதோடு, காரை நிறுத்தும் ஆற்றலும் குறையக்கூடும். ஆகவே, இக்கசிவு காரின் தூய்மையை மட்டும் பற்றியதன்று. காரில் செல்வோரின் உயிரையும் பற்றியது.

மோரிஸ் மைனர்

பின் அச்சின் அமைப்பை அறிந்துகொள்ள ஏற்ற கார்களுள் ஒன்று மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்த இக்கார், 1948ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. பத்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையான முதல் பிரித்தானியக் கார் என்னும் பெருமை இதற்குண்டு. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் இதனை இந்தியாவில் ‘பேபி இந்துஸ்தான்’ என்னும் பெயரில் வெளியிட்டது. இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர் காரும் மோரிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே. அது மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி உருவாக்கப்பட்டது.

மைனர் கார்களை இன்றும் பேணிவரும் ஆர்வலர்கள் பல நாடுகளில் உள்ளனர். மின்னணுக் கருவிகள் எவையும் இல்லாத காராதலால் இதில் ஏற்படும் பழுதைக் கண்டறியக் கணினி வேண்டியதில்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும் முறையாகச் சிந்திக்கும் அறிவும் வேண்டும்.

பின் அச்சின் அமைப்பு

மைனரின் எஞ்சின் முன்புறத்தில் உள்ளது. காரை உந்துபவை பின் சக்கரங்கள். எஞ்சினின் ஆற்றல் பற்சக்கரப் பெட்டியின் வழியே நீண்ட சுழல்தண்டு ஒன்றை அடைகிறது. பணிமனைகளில் இத்தண்டைப் ‘புரொப்பல்லர் ஷாஃப்ட்’ என்பர். இது காரின் அடிப்புறமாகச் சென்று பின் அச்சுக்கூட்டுடன் இணைகிறது.

அச்சுக்கூடு என்பது நடுவில் பருத்தும் இருபுறமும் குழாய்போல் நீண்டும் அமைந்த எஃகுக்கூடு. அதன் நடுப்பகுதியில் ‘பினியன்’ என்னும் சிறிய பற்சக்கரமும் ‘கிரவுன் வீல்’ என்னும் பெரிய பற்சக்கரமும் ஒன்றோடொன்று பொருந்தியுள்ளன. காரின் நீளவாக்கில் வரும் சுழற்சியை இவை சக்கரங்களின் பக்கமாகத் திருப்பிவிடுகின்றன. கிரவுன் வீலுடன் இணைந்துள்ள ‘டிஃபரன்ஷியல்’ என்னும் அமைப்பு அச்சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் கூடுதல் தொலைவு செல்லவேண்டும். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதற்கு இவ்வமைப்பே இடந்தருகிறது. இங்கிருந்து இரண்டு அச்சுத்தண்டுகள் இருபுறச் சக்கரங்களுக்கும் செல்கின்றன.

பினியனின் மையம் கிரவுன் வீலின் மையத்தைவிடத் தாழ்வாக அமைந்திருக்கும். இவ்வகை அமைப்பினை ‘ஹைப்பாய்டு’ என்பர். இதில் பற்கள் ஒன்றன்மீது ஒன்று உருள்வதோடு அழுத்தத்துடன் வழுக்கியும் நகர்கின்றன. எளிய எண்ணெய்ப் படலம் அவ்வழுத்தத்தைத் தாங்காது, கிழிந்துவிடும். ஆகவே கந்தகம், பாசுபரசு ஆகியவற்றின் சேர்மங்கள் கலந்த 90 எண் பாகுநிலை கொண்ட தடித்த எண்ணெய் இதற்குப் பயன்படுகிறது. மைனரின் பின் அச்சு கொள்ளும் எண்ணெய் ஏறத்தாழ 0.85 லிட்டர் மட்டுமே. அளவு சிறிதாதலால் கசிவின் விளைவு பெரிதாகிறது.

அச்சுக்கூட்டின் இரு முனைகளிலும் சக்கரத்தைத் தாங்கும் குடங்கள் உள்ளன. குடத்தைப் பணிமனைகளில் ‘ஹப்’ என்பர். கூட்டின் முனையில் பொருத்தப்பட்ட பேரிங்கின்மீது குடம் சுழல்கிறது. பேரிங்கின் உட்புறத்தில், சுழலும் குடத்துக்கும் சுழலாத கூட்டுக்கும் இடையே ‘ஆயில் சீல்’ என்னும் ரப்பர் வளையம் உள்ளது. வெளிப்புறத்தில், குடத்துக்கும் அச்சுத்தண்டின் தட்டைமுகத்துக்கும் இடையே ‘கேஸ்கட்’ என்னும் மெல்லிய தாள் வளையம் உள்ளது. சுழல்தண்டு வந்து சேரும் இடத்தில் பினியனுக்கும் ஓர் ஆயில் சீல் உண்டு. எண்ணெய் வெளியேறும் முதன்மையான வாயில்கள் இம்மூன்றுமே ஆகும்.

கசிவால் விளையும் கேடு

குடத்தின் ஆயில் சீல் அமைந்துள்ள இடத்தை அடுத்தே பிரேக் அமைப்பு உள்ளது. பிரேக் மிதியை அழுத்தும்போது பிறைவடிவப் பிரேக் ஷூக்கள் விரிந்து, சக்கரத்துடன் சுழலும் டிரம்மின் உட்சுவரை அழுத்துகின்றன. ஷூக்களின்மீது ஒட்டப்பட்டுள்ள லைனிங்குக்கும் டிரம்முக்கும் இடையே எழும் உராய்வே காரை நிறுத்துகிறது.

மசகெண்ணெயின் பணி உராய்வைக் குறைப்பது. பிரேக்கின் பணி உராய்வை உண்டாக்குவது. சீல் கெட்டால் எண்ணெய் டிரம்முக்குள் புகுந்து லைனிங்கில் ஊறுகிறது. அந்தப் பக்கத்துப் பிரேக் வலுவிழக்கிறது. மறுபக்கத்துப் பிரேக்கோ முழு வலுவுடன் பிடிக்கிறது. மழையில் நனைந்த சாலையில் திடீரென்று பிரேக்கை அழுத்தும்போது காரின் பின்பகுதி ஒருபக்கமாக வழுக்கித் திரும்பக்கூடும். மேலும், மைனரின் கைப்பிரேக்கும் இதே பின்சக்கர ஷூக்களைக் கொண்டே இயங்குகிறது. எனவே, சரிவான இடத்தில் நிறுத்திய காரைக் கைப்பிரேக் தாங்கும் என்று நம்பவும் இயலாது.

பினியன் சீலின் வழியே ஏற்படும் கசிவு பிரேக்கைத் தாக்குவதில்லை. ஆயினும், எண்ணெய் குறையக் குறையப் பற்சக்கரங்கள் சூடேறித் தேய்கின்றன. ஓடும்போது எழும் ஊளையொலி அத்தேய்மானத்தின் அறிகுறி. ஒலி கேட்கத் தொடங்கும்போது தேய்மானம் பெரும்பாலும் நிகழ்ந்து முடிந்திருக்கும்.

எந்த நீர்மம், எந்த இடம்?

பழுதுநீக்குதலின் முதற்படி, கசிவது எது என்று அறிவதாகும். பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்தால் அது அச்சு எண்ணெயாக இருக்கலாம். பிரேக் திரவமாகவும் இருக்கலாம். அச்சு எண்ணெய் தடித்தது. கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் அதற்குத் தனியே உணரத்தக்க நெடி உண்டு. பிரேக் திரவம் நீர்போல் மெலிந்தது. வண்ணப்பூச்சை அரிக்கும் தன்மையுடையது. ஐயம் நீங்காவிடில் ஒரு துளியை நீரில் இட்டுப் பார்க்கலாம். அச்சு எண்ணெய் நீரில் மிதக்கும். பொதுவாகப் பயன்படும் கிளைக்கால் வகைப் பிரேக் திரவமோ நீரில் கரைந்துவிடும். பிரேக் திரவம் கசிகிறதெனில் பழுது அச்சில் இல்லை. பிரேக் உருளையில் உள்ளது. அதனைச் சரிசெய்யும்வரை காரை ஓட்டவே கூடாது.

இரண்டாம் படி, எங்கிருந்து கசிகிறது என்று அறிவதாகும். ஓடும் காரின் அடியில் வீசும் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளுகிறது. முன்னேயுள்ள பற்சக்கரப் பெட்டியில் கசியும் எண்ணெய், பின் அச்சின்மீது படிந்து அங்கேயே கசிவதுபோல் தோன்றுவதுண்டு. ஆகவே, துளி விழுந்த இடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தல் பிழையாகும். அச்சுக்கூட்டை நன்கு துடைத்து உலர்த்தி, ஐயத்துக்குரிய இடங்களில் முகப்பவுடர் போன்ற வெண்ணிறத் தூளைத் தூவிவிட்டுச் சிறிது தொலைவு காரை ஓட்டிவர வேண்டும். தூளில் முதலில் ஈரக்கோடு தோன்றும் இடமே கசிவின் வாயில். பிரேக்கின் நிலையில் ஐயமிருந்தால் இச்சோதனையைச் சாலையில் செய்யலாகாது. டிரம்மைக் கழற்றிப் பார்ப்பதே தக்கது.

வாயிலும் காரணமும்

கசியும் வாயிலைக் கண்டறிந்தவுடன் புதிய சீலைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவோர் உண்டு. சில திங்களில் அவ்விடமே மீண்டும் கசிவதைக் காணலாம். ஏனெனில், எண்ணெய் வெளியேறும் இடம் வேறு. அதனை வெளியேறச் செய்யும் காரணம் வேறு. சீலைக் கழற்றும் முன்பும் கழற்றிய பின்பும் பின்வரும் காரணங்களை ஆராய வேண்டும்.

முதலாவது, காற்றுத்துளை அடைபடுதல். அச்சுக்கூட்டின் மேற்புறத்தில் சிறு காற்றுத்துளை ஒன்று உண்டு. கூடு சூடேறும்போது விரியும் காற்று இதன் வழியே வெளியேறும். சேறும் பழைய வண்ணப்பூச்சும் இத்துளையை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி எண்ணெயைச் சீல்களின் வழியே தள்ளுகிறது. துளையைத் தூய்மை செய்தாலே நின்றுவிடும் கசிவுகளும் உண்டு.

இரண்டாவது, எண்ணெய் அளவுக்கு மீறியிருத்தல். எண்ணெய் நிரப்பும் துளையின் கீழ்விளிம்பே எண்ணெயின் உச்ச அளவைக் காட்டுகிறது. கார் சாய்வாக நிற்கும்போது நிரப்பினால் அளவு தவறிவிடும். மிகுந்த எண்ணெய் குழாய்ப்பகுதியின் வழியே குடத்தை நோக்கி ஓடும்.

மூன்றாவது, கூட்டின் மேற்பரப்பு தேய்தல். ரப்பர் சீலின் மெல்லிய விளிம்பு பல்லாண்டுகள் ஒரே இடத்தில் உராய்வதால் எஃகுப் பரப்பில் நுண்ணிய பள்ளம் விழுகிறது. மென்மையான ரப்பர் கடினமான எஃகைத் தேய்ப்பது வியப்பாகத் தோன்றலாம். விளிம்பில் சிக்கிய மணல்துகளும் துருவும் உப்புத்தாள்போல் செயல்படுவதே அதற்குக் காரணம். பள்ளம் விழுந்த பரப்பில் புதிய சீலும் சரியாகப் படியாது. நகத்தை வைத்துத் தடவினால் இப்பள்ளத்தை உணரலாம்.

நான்காவது, பேரிங் தளர்தல். பேரிங் தேய்ந்திருந்தால் குடம் ஆடும். ஆடும் குடத்தில் எத்துணைச் சிறந்த சீலும் நெடுநாள் நிலைக்காது.

தெரிந்து தெளிவோம்

மூடிய கலத்திலுள்ள வளிமத்தின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். காற்றுத்துளை அடைபட்ட அச்சுக்கூட்டின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியசிலிருந்து 90 டிகிரியாக உயர்வதாகக் கொள்வோம். தனி வெப்பநிலை 303 கெல்வினிலிருந்து 363 கெல்வினாகிறது. எனவே, உள்ளேயுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. சீலின் மெல்லிய விளிம்பைத் தாண்டி எண்ணெயைத் தள்ள இவ்வழுத்தம் போதும்.

பழுது நீக்கும் முறை

குடத்தின் சீல் கசிவதாகக் கொண்டு அதனை மாற்றும் முறையைக் காண்போம். காரைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், அவற்றை மேலே தூக்கியபின் கார் உருண்டுவிடாமல் காப்பவை இக்கட்டைகளே. சக்கரம் தரையில் இருக்கும்போதே அதன் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஜாக்கியால் தூக்கியவுடன் அச்சுக்கூட்டின் அடியில் உறுதியான தாங்கியை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் செல்வது உயிருக்கே கேடாகும்.

அடுத்து, அச்சிலுள்ள பழைய எண்ணெயை ஒரு கலத்தில் வடித்தெடுக்க வேண்டும். அதில் பளபளக்கும் உலோகத் துணுக்குகள் இருப்பின் பற்சக்கரங்களையோ பேரிங்குகளையோ ஆராய வேண்டும் என்பது பொருள். பின்னர்ச் சக்கரத்தை நீக்கி, கைப்பிரேக்கை விடுவித்து, டிரம்மைக் கழற்ற வேண்டும். பழைய கார்களின் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். எனவே, டிரம்மினுள் படிந்த தூசியை ஊதுவதோ காற்றுக்குழாயால் அடிப்பதோ கூடாது. தகுந்த முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

அச்சுத்தண்டின் முகத்திலுள்ள திருகாணியை நீக்கியபின் தண்டைக் கையால் வெளியே இழுத்துவிடலாம். உள்ளே குடத்தை இறுக்கியிருக்கும் பெரிய நட்டு தெரியும். அது தளராமலிருக்க மடித்துவிடப்பட்ட பூட்டுவளையத்தை நிமிர்த்திய பின்னரே நட்டைத் திருக வேண்டும். வலப்பக்க நட்டு வழக்கமான மரையுடையது. இடப்பக்க நட்டு எதிர்மரையுடையது. வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும். இதனை அறியாமல் வலிமையைக் காட்டினால் நட்டு மேலும் இறுகும், மரையும் சிதையும். குடத்தை வெளியே எடுக்க அதற்குரிய இழுகருவியையே பயன்படுத்த வேண்டும். சுத்தியலால் அடித்தால் பேரிங் பழுதடையும்.

குடத்திலிருந்து பேரிங்கையும் பழைய சீலையும் நீக்கியபின் கூட்டின் பரப்பைத் துடைத்து ஆராய வேண்டும். சிறிதளவே கறை இருப்பின் நுண்ணிய உப்புத்தாளால் மெருகேற்றலாம். பள்ளம் ஆழமாக இருப்பின், பரப்பின்மீது மெல்லிய எஃகு உறை பொருத்திப் புதுப்பிக்க வேண்டும்.

புதிய சீலின் சுருள்வில் பொருந்திய விளிம்பு, எண்ணெய் வரும் பக்கத்தை நோக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெயின் அழுத்தம் விளிம்பை விரித்துவிடாமல் பரப்போடு சேர்த்து அழுத்தும். மாற்றிப் பொருத்தப்பட்ட சீல் கசிவைத் தடுப்பதற்கு மாறாக வழிவிடும். விளிம்பில் சிறிது கிரீஸ் பூசுதல் வேண்டும். இல்லையேல் கார் ஓடத் தொடங்கியவுடன் உலர்ந்த விளிம்பு கருகும். சீலின் விட்டத்துக்கு ஏற்ற தட்டையான கட்டையை வைத்து, எல்லாப் பக்கமும் சமமாக அமரும்படி அழுத்த வேண்டும்.

பேரிங்கில் கிரீஸ் நிரப்பிப் பொருத்தும்போது நுட்பமான ஓர் அளவைக் கவனிக்க வேண்டும். தாள் கேஸ்கட்டை வைத்த பின்னரும் பேரிங்கின் வெளிமுகம் அதனைக் கடந்து 0.025 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தலைமுடியின் தடிமனை ஒத்த இச்சிறு நீட்சியால்தான் அச்சுத்தண்டின் முகம் பேரிங்கை இறுகப் பிடிக்கிறது. கசிவை நிறுத்தும் ஆர்வத்தில் ஒன்றுக்கு இரண்டாகக் கேஸ்கட்டுகளை வைப்போர் உளர். அவ்வாறு செய்தால் இந்நீட்சி மறைந்து, பேரிங்கின் பிடி தளர்கிறது, குடம் ஆடுகிறது, புதிய சீலும் விரைவில் தேய்கிறது. ஒரு கசிவை அடைக்கச் செய்த முயற்சியே மற்றொரு கசிவுக்குக் காரணமாகிவிடுகிறது.

எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்தலாகாது. அதன் நுண்துளைகளில் தங்கிய எண்ணெய், பிரேக் சூடாகும்போது மீண்டும் வெளிவரும். லைனிங்கை மாற்றும்போது இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருபுறம் மட்டும் புதிதாயின் இரு சக்கரங்களின் பிரேக் வலிமை வேறுபடும். டிரம்மின் உட்புறத்தையும் அதற்குரிய தூய்மைத் திரவத்தால் துடைத்து உலர்த்த வேண்டும்.

உறுப்புகளையெல்லாம் கழற்றியதற்கு எதிர்முறையில் பொருத்தியபின் காரைத் தாங்கியிலிருந்து இறக்கிச் சமதளத்தில் நிறுத்தி எண்ணெய் நிரப்ப வேண்டும். நிரப்பும் துளையின் விளிம்பை எட்டி எண்ணெய் வழியத் தொடங்கியதும் நிறுத்தி, மிகுதி வழிந்து முடிந்தபின் மூடியை இறுக்க வேண்டும்.

சோதித்தலும் பேணுதலும்

பழுதுநீக்கிய காரை உடனே சாலைக்குக் கொண்டுசெல்லக் கூடாது. போக்குவரத்து இல்லாத திறந்தவெளியில் குறைந்த வேகத்தில் ஓட்டி, பிரேக் இருபுறமும் ஒருசேரப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிது தொலைவு ஓட்டியபின் குடங்களையும் அச்சுக்கூட்டையும் ஆராய வேண்டும். சில நாள்கள் கழித்து மீண்டும் ஆராய்ந்து, எண்ணெயின் அளவையும் சரிபார்க்க வேண்டும். அப்போதும் உலர்ந்திருந்தால்தான் பணி நிறைவுற்றதாகக் கொள்ளலாம்.

வடித்தெடுத்த பழைய எண்ணெயை மண்ணிலோ கழிவுநீர்க் கால்வாயிலோ ஊற்றக் கூடாது. அது மண்ணையும் நீர்நிலைகளையும் நஞ்சாக்கும். மூடிய கலத்தில் சேர்த்து, கழிவு எண்ணெய் பெறுவதற்கு உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைப்பதே முறை.

இப்பழுதுக்குத் தேவையான சீலும் கேஸ்கட்டும் விலைமதிப்பில் சிறியவை. அவற்றைப் பொருத்தும் முன் நீர்மத்தை இனங்காணுதல், கசியும் வாயிலைக் கண்டறிதல், காரணத்தை ஆராய்தல், அளவைச் சரிபார்த்தல் ஆகியவற்றில் செலவாகும் பொறுமையே இப்பணியின் பெரும்பகுதி. பணிமனைகளில் எண்ணெய்க் கறை படிந்த கைகளுடன் உழைக்கும் வினைஞர்கள் நாள்தோறும் கையாள்வது இந்த ஆராய்ச்சி முறையைத்தான். ஊர்தியில் ஏறி அமர்ந்து செல்வோர் அவர்களைக் காண்பதில்லை. எனினும், பிரேக் மிதியை அழுத்தும்போதெல்லாம் அவர்தம் கவனத்தை நம்பியே பயணம் செய்கின்றனர்.